பயன் சொல்வது யார்?

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் வரலாறு படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார். தரம் 9, 10 பிள்ளைகளுக்குப் பாடத்தோடு சேர்த்துச் சிறுகதையும் நாவலும் வாசிக்கக் கொடுக்க அவருக்கு ஆசை. பாடசாலை நூலகப் பொறுப்பும் அவருடைய தலையில்தான். அதிபரோ, "கதைப் புத்தகம் தமிழ்ப் பாடத்துக்குச் சரி, வரலாற்றுக்கு என்னத்துக்கு? முதலிலை பாடத்திட்டத்தை முடியுங்கோ" என்கிறாராம். கதையால் உண்மையில் ஏதும் படிப்பிக்க முடியுமா, எப்படிச் செய்வது, எதை எடுப்பது, நூலகத்தை அதற்கு எப்படிப் பயன்படுத்துவது என்பவை அவருடைய கேள்விகள்.

ரீச்சர், முடியும். ஆனால் நான் முதல்தரம் செய்தபோது முடியவில்லை. அதைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும்.

நான் படிப்பித்தது புவியியல். பருவப்பெயர்ச்சிக் காற்று என்று இரண்டு கிழமை தொண்டை வறளக் கத்தியும், பிள்ளைகளின் கொப்பியில் அம்புக்குறிகள் ஏறினவே தவிர, காற்று ஏறவில்லை. ஒருநாள் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். 1973இல் வந்த நாவல், 1978இல் படமாகவும் வந்தது. வாடைக்காற்றுப் பருவத்தில் நெடுந்தீவுக் கரையில் வாடி என்ற தற்காலிகக் குடில் போட்டு மீன்பிடிக்க வரும் தொழிலாளர்களின் கதை. எழுதியவரே புவியியலாளர். க. குணராசா என்ற சொந்தப் பெயரில் அவர் எழுதிய புவியியல் பாடநூல்களை எங்களில் பலர் படித்திருக்கிறோம். இதைவிடப் பொருத்தமான புத்தகம் எங்கே கிடைக்கும்? ஏழெட்டுப் பக்கம் வாசித்தேன். வகுப்பு ஆடாமல் அசையாமல் இருந்தது. வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டேன்: "சரி, இதிலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?"

அந்தக் கேள்வியோடு வகுப்பு செத்தது. முன் வாங்கிலிருந்த பிள்ளை எழும்பி, "ஒற்றுமையே பலம், சேர்" என்றது. நான் வாசித்த பக்கங்களில் ஒற்றுமை என்ற சாமான் மருந்துக்கும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு ஆசிரியர்மாரைத் தெரியும். கதை சொன்னால் கடைசியில் ஒரு நீதி கேட்பார்கள், கைவசம் இருக்கிற நீதிகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் இருக்க விடுவார்கள். பாலர் வகுப்பிலிருந்து பழகிய கொடுக்கல் வாங்கல் அது.

லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் வாசிப்பை இரண்டு வகையாகப் பார்த்தார். ஒன்று, எடுத்துக்கொண்டு போவதற்கான வாசிப்பு. பிள்ளை நஞ்சைக் குடித்துவிட்டது, தாய் போத்தலில் ஒட்டிய துண்டை வாசிக்கிறாள், மாற்று மருந்து என்ன என்ற ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். மற்றது, வாசிக்கும் நேரத்திலேயே வாழ்ந்து பார்ப்பதற்கான வாசிப்பு. கதையை இரண்டாவது வகையில் வாசிக்க விட்டுவிட்டு, முடிந்த நிமிடமே முதல் வகைக் கேள்வியைப் போட்டால் பிள்ளை எதைப் பிடிக்கும்? நான் செய்த பிழை அதுதான். உங்கள் அதிபரின் பயமும் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். கதையை அவர் பாடத்தின் மேல் தடவும் சீனியாகப் பார்க்கிறார். சீனிக்கு எதற்குப் பாடவேளை என்று கேட்பது நியாயம்தானே.

இதற்கு மருந்தை வெளிநாட்டில் தேடத் தேவையில்லை. எங்கள் கோயில்களில் புராணப்படிப்பு நடக்கும். ஒருவர் கந்தபுராணப் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், இன்னொருவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்வார். நான் சின்னப்பிள்ளையாக அம்மம்மாவின் சீலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு இருந்து கேட்டிருக்கிறேன். பாட்டு விளங்காது, பயன் விளங்கும். சூரன் மாமரமாக நின்ற இடம் வந்தால் நித்திரை போய்விடும். எழுத வாசிக்கத் தெரியாத சனமும் ஒரு பெருங்காப்பியத்தை மனத்தில் வைத்திருந்தது இப்படித்தான். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கியதும், பாலபாடங்கள் எழுதியதும், பெரியபுராணத்தை வசனமாக்கியதும் ஒரே முயற்சியின் பகுதிகள். ஆகவே கதையால் படிப்பிப்பது இந்த ஊருக்குப் புதிது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கோயிலில் பயன் சொல்பவர் பெரியவர். வகுப்பில் பயன் சொல்ல வேண்டியது பிள்ளைகள். நீங்கள் வாசிக்கிற ஆள் மட்டுந்தான்.

அடுத்த வருடம் அதே நாவலை அப்படி எடுத்தேன். பாடவேளை 40 நிமிடம். வாசிப்புக்குப் பதினைந்துக்கு மேல் போகவில்லை. ஒரு முடிவு எடுக்க வேண்டிய இடத்தில், முடிவு வருமுன் நிறுத்தினேன். எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் இதில் முழு வித்தை, அதை முதல்நாளே வீட்டில் பென்சிலால் குறித்து வைக்க வேண்டும். நிறுத்திவிட்டு, கதைக்குள் நின்றே கேட்டேன்: இந்த ஆட்கள் சொந்தக் கரையை விட்டுவிட்டு ஏன் இந்த மாதத்தில் இங்கே வந்தார்கள்?

பின் வாங்கில் இருந்த ஒரு பெடியன், சோதனையில் 30ஐத் தாண்டாதவன், எழும்பினான். வாடை அடிக்கும்போது எந்தக் கரை கொந்தளிக்கும், எந்தக் கரை அடங்கிக் கிடக்கும், சோளகக் காற்று வந்தால் அது எப்படித் தலைகீழாகும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். தகப்பன் கடற்றொழில். அவன் விட்ட இடத்தில் இன்னொருத்தி கச்சான் காற்றையும் கொண்டல் காற்றையும் கொண்டுவந்தாள். நான் செய்த ஒரே வேலை, அவர்கள் சொன்ன பெயர்களைக் கரும்பலகையின் ஒரு பக்கத்தில் எழுதி, எதிர்ப்பக்கத்தில் பாடநூலின் பெயர்களை எழுதி, கோடு இழுத்துச் சேர்க்கும்படி விட்டதுதான். பருவப்பெயர்ச்சிக் காற்று அந்த நாற்பது நிமிடத்தில் விளங்கியது. கதை பாடத்தைச் சொல்லவில்லை. பிள்ளைகள் ஏற்கனவே அறிந்ததைப் பாடத்துக்குள் கூட்டி வந்தது.

கேள்வி கேட்கும் முறைக்கு எனக்கு உதவிய இன்னொருவர் எய்டன் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய ஆசிரியர். அவர் பிள்ளைகளிடம் 'ஏன்' என்று தொடங்க மாட்டார். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது குழப்பியது, எது திரும்பத் திரும்ப வந்தது என்ற நான்கையும்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார். மூன்றாவதைத் தவறவிடாதீர்கள். 'எனக்கு விளங்கவில்லை' என்று சொல்வது எங்கள் பிள்ளைகளுக்கு வெட்கம், ரியூட்டறியில் அதைச் சொல்ல நேரமே இல்லை. கதையில் விளங்காத இடத்தைக் காட்டச் சொன்னால் அந்த வெட்கம் போய்விடுகிறது, ஏனென்றால் விளங்காததற்குக் குற்றவாளி பிள்ளை அல்ல, எழுத்தாளர்.

இன்னொரு வழி நடிப்பு. யாழ்ப்பாணத்து ஆசிரியர்களுக்கு இதில் நல்ல பரம்பரைச் சொத்து இருக்கிறது. 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ஆசிரியராக இருந்தவர். பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று நாடகங்கள் எழுதியவர். மேடை போட்டு நடிக்கத் தேவையில்லை. ஒரு கதிரையை முன்னால் போட்டு, ஒரு பிள்ளையைக் கதையின் ஆளாக இருத்தி, மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். தோணியும் வலையும் வைத்திருக்கும் கொழுத்த சம்மாட்டியாக இருந்த ஒரு பெட்டையிடம் "எங்களுக்குப் பங்கை ஏன் குறைச்சனீர்?" என்று வகுப்பு பாய்ந்தபோது, அவள் எண்ணெய் விலை, வலை விலை என்று கணக்குக் காட்டித் தப்பிய நாளை நான் மறக்கவில்லை. அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இருந்ததல்ல.

சரி, உங்கள் பாடம் வரலாறு. இங்கேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் கதை பொய்யையும் நன்றாகப் படிப்பிக்கும்.

இது வெறும் பயமல்ல. எலிசபெத் மார்ஷ் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பொது அறிவுப் பிழைகளை வேண்டுமென்றே நுழைத்த கதைகளை ஆட்களுக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். பிறகு வைத்த சோதனையில் அவர்கள் அந்தப் பிழைகளையே விடையாக எழுதினார்கள். கதையில் பிழை இருக்கலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தும் பெரிய பயன் இல்லை. அதைவிட விசித்திரம், 'இது எனக்கு முன்னமே தெரியும்' என்று பலர் நம்பினார்கள். கதையில் வரும் சரியான தகவலும் இதேபோல்தான் ஒட்டிக்கொள்ளும் என்பது இதன் நல்ல பக்கம்.

எங்கள் ஊரில் இதற்குக் கைகண்ட உதாரணம் யாழ்ப்பாண அரசன் சங்கிலியன். மன்னாரில் 1544இல் மதம் மாறியவர்களைக் கொல்வித்த முதலாம் சங்கிலி ஒருவர். 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டுக் கோவாவில் கொல்லப்பட்ட சங்கிலி குமாரன் இன்னொருவர். இருவருக்கும் இடையில் முக்கால் நூற்றாண்டு. கதைகளிலும் கூத்துகளிலும் இருவரும் ஒரே ஆளாகி, ஒரே குதிரையில் ஏறி, ஒரே மீசையை முறுக்குகிறார்கள். நல்லூரில் சிலையைப் பார்த்து வளர்ந்த பெரியவர்களிடம் எந்தச் சங்கிலி என்று கேட்டுப் பாருங்கள், "எத்தினை பேர் இருந்தவை?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

அதற்காகச் சங்கிலியன் கதையை வகுப்புக்குக் கொண்டுவராமல் விடாதீர்கள், கட்டாயம் கொண்டுவாருங்கள். ஒரு கதையிலோ நாடகத்திலோ இரண்டு பக்கம், பாடநூலில் ஒரு பக்கம். கொப்பியை நடுவில் மடித்து, ஒரு பக்கம் கதை சொன்னது, மறுபக்கம் பாடநூல் சொன்னது. இரண்டிலும் இருப்பது எது, கதையில் மட்டும் இருப்பது எது என்று பிள்ளைகளே பிரிக்கட்டும். நண்பர் ஒருவரின் வகுப்பில் இதைச் செய்தபோது நான் பின்னால் இருந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஒரு சிறுமி கேட்டாள்: "ராசா இரவு தனிய இருந்து என்ன யோசிச்சவர் எண்டு எழுதின ஆளுக்கு எப்பிடித் தெரியும்?" வரலாறு என்ற பாடத்தின் அடிப்படையே அந்தக் கேள்விதான். அதைப் பாடநூலில் இருந்து பிறப்பிப்பது கஷ்டம், ஏனென்றால் பாடநூல் தனக்கு எல்லாம் தெரிந்ததுபோலவே பேசும். பொய் சொல்ல உரிமை உள்ள கதைதான், 'இது எப்படித் தெரியும்' என்ற சந்தேகத்தைத் தானாக எழுப்புகிறது.

இந்த வழியில் இன்னும் போகலாம். டச்சுக்காரர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில், யாழ் வாசித்துப் பரிசாக நிலம் பெற்ற குருடனும் இருக்கிறான், கீரிமலையில் நீராடிக் குதிரைமுகம் நீங்கிய இளவரசியும் இருக்கிறாள், அரசர்களின் வரிசையும் இருக்கிறது. கதையும் வரலாறும் ஒரே பாயில் படுத்திருக்கும் நூல். குதிரைமுகம் நடந்ததா என்று கேட்டு நேரத்தை வீணாக்காமல், அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள். கீரிமலைக்குப் போய்வராத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது.

எழுதப்பட்ட காலத்தையே கதையிலிருந்து படிப்பதும் உண்டு. அதற்குச் சரித்திர நாவல் தேவையில்லை, பழைய நாவல் போதும். மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914இல் வந்தது. ஈழத்தில் ஒரு பெண் எழுதிய முதல் நாவல்களில் ஒன்று. மணமான பெண் படும் துன்பத்தை ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணே அன்று எழுதியது. நடை பழையது, பிள்ளைகள் சிணுங்குவார்கள். முழுவதும் வேண்டாம், நான்கு பக்கம் எடுங்கள். அந்த நான்கு பக்கத்தில் ஆட்கள் எதில் பயணம் செய்கிறார்கள், யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், பெண் எதற்கு யாரிடம் அனுமதி கேட்கிறாள் என்று துப்பறியச் சொல்லுங்கள். 'பிரித்தானியர் கால சமூக மாற்றங்கள்' என்ற தலைப்பின் கீழ் ஐந்து குறிப்பு மனப்பாடம் செய்வதைவிட இது நிற்கும்.

இனிக் கஷ்டமான பகுதி. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வடமராட்சியிலும் வலிகாமத்திலும் வகுப்பு எடுக்கிற எவருக்கும் இது வந்தே தீரும்.

கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் கோயில் வாசலிலும் தேநீர்க்கடை வாசலிலும் நடத்திய போராட்டங்களின் சூட்டிலிருந்து எழுந்த எழுத்து. மாவிட்டபுரம் கோயிலில் 1968இல் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சாதியைப் பற்றிப் பாடநூல் ஒரு வரியில் கடந்துபோகும் இடத்தில் இப்படி ஒரு நாவல் எவ்வளவு பெறுமதி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் சிலருடைய வீட்டுக் கதை அது. சிலருடைய அப்பப்பா அந்தக் கதையில் மறுபக்கத்தில் நின்றவர். பிள்ளைகளுக்கு யார் யார் என்று தெரியும், தெரியாதது போல இருப்பார்கள். ஆசிரியர் ஒருவர் நல்ல எண்ணத்தோடு, "உங்கடை ஊரிலை இப்பிடி நடந்திருக்கா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். மூன்று பிள்ளைகள் தலையைக் குனிந்ததை நான் கண்டேன். அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்காதீர்கள். கதைப் பாத்திரத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். கடைக்காரர் என்ன நினைத்து இவர்களுக்கு மட்டும் போத்தலில் தேநீர் கொடுத்தார்? பக்கத்தில் நின்று பார்த்தவர் ஏன் பேசாமல் இருந்தார்? பாத்திரம் ஒரு வேலி மாதிரி. வேலிக்குப் பின்னால் நின்று பிள்ளை தன் சொந்தக் கதையைப் பேசலாம், பேசாமலும் விடலாம். அந்தத் தெரிவு பிள்ளையினுடையது. பொருத்தமான பகுதியைத் தேர்வதும் உங்கள் பொறுப்பு, முழு நாவலும் பெரியவர்களுக்கானது.

யுத்தக் கதைகளுக்கும் இதுவே. இப்போது தரம் 9இல் இருக்கிற பிள்ளை, யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்த கதை அதற்குத் தாயின் வாயால் வந்தது, அல்லது தாய் வாய் திறக்காததால் வராதது. இடப்பெயர்வுக் கதை வாசிக்கும் நாளில், வெளியே போய்த் தண்ணி குடித்துவிட்டு வர யாருக்கும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காணாமல்போனவரைப் பற்றிய கதையை, அப்படியொரு வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால், முதல் கதையாக எடுக்க வேண்டாம். அப்புறம், எங்கள் இடப்பெயர்வோடு நிறுத்தாதீர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் கதையையும் எங்கள் பிள்ளைகள் வாசிக்க வேண்டும். அந்த வகுப்பு உங்களுக்குச் சுகமாக இருக்காது. இருக்கவும் கூடாது.

ரூடின் சிம்ஸ் பிஷப் என்பவர் 1990இல் பிள்ளைகளின் புத்தகங்களைக் கண்ணாடி என்றும் யன்னல் என்றும் சொன்னார். சிலதில் தன் முகம் தெரியும், சிலதில் அயலவர் வீடு தெரியும். எங்கள் பாடசாலை அலுமாரிகளில் யன்னல்கள் அதிகம், கண்ணாடி குறைவு. தமிழ்நாட்டு நாவல்கள் நிறைய வருவதால் பிள்ளைக்குத் தாமிரபரணி தெரியும், எங்கள் யாழ்ப்பாணத்து வழுக்கை ஆறு எங்கே ஓடுகிறது என்று தெரியாது. அதேநேரம் இந்தத் தீவுக்குள் திறக்க வேண்டிய யன்னல்கள் பூட்டியே கிடக்கின்றன. தெளிவத்தை ஜோசப் போன்ற மலையக எழுத்தாளரின் ஒரு சிறுகதையாவது, சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்த ஒன்றாவது வருடத்துக்குள் வர வேண்டும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடொல் தூவ' 1947இல் வந்த பெடியன்களின் சாகசக் கதை. குழப்படிகாரப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், தங்களை அதில் அடையாளம் காண்பார்கள்.

இதையெல்லாம் வாசித்தால் பிள்ளைக்கு இரக்கம் வளரும் என்று அதிபரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இலக்கியப் புனைவைக் கொஞ்சம் வாசித்ததுமே மற்றவர் மனத்தை ஊகிக்கும் திறன் கூடுகிறது என்று 2013இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்து பெரிய பேச்சானது. பிறகு வேறு குழுக்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. நாவலாக வாசித்துத் தள்ளிய கல் நெஞ்சக்காரர் இரண்டு பேரை எனக்கே தெரியும். கதையால் பிள்ளை கேள்வி கேட்கும், பேசும், ஞாபகம் வைக்கும் என்று சொல்லுங்கள். அது போதும், அது உண்மையும் கூட.

அதிபரோடு சண்டை வேண்டாம். தவணைக்கு இரண்டு பாடவேளை கேளுங்கள், 80 நிமிடம். எந்த அலகுக்கு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 'வாசிப்புப் பழக்கத்தை வளர்க்க' என்று கேட்டால் ஒக்டோபரில் வாசிப்பு மாதம் வரும், பனர் கட்டிப் பேச்சுப்போட்டி வைப்போம் என்று அனுப்பிவிடுவார். அந்த அலகுக்கு வழமையாகக் கொடுக்கிற வினாவையே பிறகு கொடுத்து, விடைகளை அவரிடம் காட்டுங்கள். தவணைப் பரீட்சை முடிந்து விடுமுறை விடும்வரை பிள்ளைகள் மேசையில் தாளம் போடுகிற நாட்கள் இருக்கின்றனவே, அவற்றை யாரும் உங்களிடம் இருந்து பறிக்கப் போவதில்லை.

நூலகத்துக்கு வருகிறேன். நான் வேலை செய்த ஒரு பாடசாலையில் கதைப் புத்தகங்கள் கண்ணாடி அலுமாரியில் இருந்தன. திறப்பு அதிபரின் மேசை லாச்சியில். புத்தகங்கள் புதுசு மாதிரியே இருந்தன, ஏனென்றால் அவை புதுசுதான், பத்து வருடமாக. யாழ்ப்பாணத்தில் நூலகம் என்றதும் 1981 யூனை நினைப்போம், 97,000 வரையான நூல்கள் எரிந்ததைச் சொல்வோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் இழந்துவிடுவோம் என்ற அந்தப் பயம் சில இடங்களில் புத்தகத்தைப் பிள்ளைகளிடமிருந்தே காப்பாற்றும் பழக்கமாகிவிட்டது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான்.

திறப்பை வாங்குங்கள். பிறகு ஒரு சின்னக் களவு செய்யுங்கள். நூலகங்கள் நூல்களுக்கு எண் இடும் தூயி தசமப் பகுப்பில் தமிழ்ப் புனைகதைக்கு 894.8113 என்ற எண். ஆகவே கதைகள் எல்லாம் ஒரே தட்டில் குவிந்து, வரலாற்றுக்கும் புவியியலுக்கும் எட்டாத தூரத்தில் கிடக்கும். எண்ணை மாற்ற வேண்டாம், இடாப்பும் அப்படியே இருக்கட்டும். ஆனால் நீங்கள் எடுக்கப்போகும் அலகுக்குப் பொருந்தும் கதைகள் நான்கைந்தை எடுத்து, அந்தக் கிழமைக்கு மட்டும் வரலாற்று நூல்களின் நடுவில் முகம் தெரிய நிறுத்தி வையுங்கள். வகுப்பில் பாதியில் நிறுத்திய கதையின் பிரதி அங்கே இருக்க வேண்டும், அதுவும் அன்றைய இடைவேளைக்கே. மிச்சத்தை அறிய ஓடிவரும் பிள்ளைக்கு 'புத்தகம் இல்லை' என்று சொன்னால் மறுபடி வராது.

பிரதிகள் போதாது என்பீர்கள். ஒருவர் வாசித்து மற்றவர் கேட்டால் ஒன்றே போதும். வாசிக்கத் தடுமாறும் ஐந்தாறு பிள்ளைகளும் அப்போது மற்றவர்களோடு சமமாக இருப்பார்கள், எழுத்துக் கூட்டி வெட்கப்படத் தேவையில்லை. பதிப்பில் இல்லாத ஈழத்து நூல்களுக்கு, 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற இணைய நூலகத்தைப் பாருங்கள். நீங்கள் கேள்விப்பட்டேயிராத பழைய சஞ்சிகைகளின் சிறுகதைகளும் அங்கே வருடியெடுத்துக் கிடக்கின்றன. சிறுகதைதான் வகுப்புக்குத் தோது, ஒரே மூச்சில் முடியும். ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையையும் விட்டுவிடாதீர்கள். பேப்பர் பார்க்க வரும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, கதையில் வரும் காலத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேள்வி கேட்க விட்டால் கதை ஒரு பக்கம், சாட்சி ஒரு பக்கம் என்று உங்கள் வரலாற்று வகுப்பு தானாக நடக்கும். பெரியவர் உபதேசத்தில் இறங்கினால் நிறுத்துவது உங்கள் பாடு.

புத்தகம் தொலையுமா என்றால், தொலையும். நான் பொறுப்பாக இருந்த நான்கு வருடத்தில் பதினொன்று போனது. இடாப்பில் சிவப்பால் எழுதி, கணக்காய்வில் ஏச்சும் வாங்கினேன். அதில் 'வாடைக்காற்று' ஒன்று. இரண்டு வருடம் கழித்து, பாடசாலையை விட்டுப்போன அந்தப் பின் வாங்குப் பெடியன் அதைக் கொண்டுவந்து தந்தான். சிமெந்துப் பேப்பரில் அட்டை போட்டிருந்தது, பக்கங்களில் மீன் மணம். தகப்பனும் வாசித்ததாம். இரண்டு இடத்தில் பிழை இருக்கிறது, எழுதினவரிடம் சொல்லச் சொன்னாராம். எந்த இரண்டு இடம் என்று கேட்டேன். உட்கார்ந்து காட்டத் தொடங்கினான், அடுத்த பாடவேளை மணி அடித்தும் முடியவில்லை.